ஒரு துளி குருதி

"யோசனையிலதான் தங்கச்சி களைக்குது" என்று எமது பெண்கள் சொல்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். காணாமற்போன கணவனைத் தேடி அலைபவருக்கும், தனியே தோட்டம் கொத்திப் பிள்ளைகளை வளர்ப்பவருக்கும் யோசனை இல்லாமலா இருக்கும்? சமூகவியல் படித்த எனக்கும் அது விளங்குகிறது. ஆனால் களைப்புக்கு உடம்பிலும் காரணம் இருக்கலாம். இரத்தச்சோகையா என்று ஒரு துளி குருதியில் பார்த்துவிடலாம்.

இதற்கென்றே பற்றறியில் இயங்கும் சிறு கருவிகள் உள்ளன. சுவீடனில் உருவான ஹீமோகியூ அவற்றில் ஒன்று. விரலில் குத்தி எடுக்கும் குருதி ஒரு மில்லிலீற்றரின் நூறில் ஒரு பங்குதான். சிறிய பிளாஸ்ரிக் தகடு ஒன்று அதைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். தகட்டினுள் காய்ந்திருக்கும் இரசாயனங்கள் செங்குழியங்களை உடைத்து ஈமோகுளோபினை வெளியே விடும். கருவி அதனூடாக ஒளியைப் பாய்ச்சும். ஈமோகுளோபின் கூடக்கூட ஊடுருவும் ஒளி குறையும். அதைக் கணித்து ஒரு நிமிடமளவில் இலக்கத்தைக் காட்டிவிடும். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 100 மில்லிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கீழிமையை இழுத்து வெளிறலைப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் விரல் கொடுப்பதைத்தான் கருவி அளக்கும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலில் குருதி இலேசில் வராது. அவசரத்தில் பிதுக்கினால் தோலுக்கடியிலுள்ள நீரும் கலந்து அளவு பிழைத்துவிடும். கையைச் சூடாக்கி, முதல் துளிகளை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதே முறை. "பிதுக்காதேங்கோ மிஸ்" என்று சொல்ல எமக்கு உரிமையுண்டு. நான் சொல்லியிருக்கிறேன். முகம் சுளித்தவரும் உண்டு, சிரித்துக்கொண்டே பஞ்சை எடுத்தவரும் உண்டு.

ஈமோகுளோபினை அளப்பது வேறு, குழியங்களை எண்ணுவது வேறு. வெண்குழியங்களை எண்ணும் சிறு கருவி, செங்குழியங்களை உடைத்துவிட்டு வெண்குழியங்களுக்கு நிறமூட்டி, படமெடுத்து எண்ணுகிறது. டெங்குக் காலத்தில் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். "விரலில குத்திப் பாத்தாச்சு, இரத்தம் நல்லாயிருக்காம்" என்று காய்ச்சற்காரப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. குருதிச் சிறுதட்டுக்களை ஈமோகுளோபின் கருவி எண்ணுவதில்லை. அதற்கு முழுக் குருதிப் பரிசோதனை வேண்டும்.

இலக்கம் காரணத்தையும் சொல்லாது. இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், கொழுக்கிப்புழுவாக இருக்கலாம், பரம்பரையாக வரும் தலசீமியாவாகவும் இருக்கலாம். போன மாதம் ஓர் அக்காவுக்கு 8.4 காட்டியது. மாதவிடாய் பத்து நாளாகியும் நிற்பதில்லை என்பதை அவர் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. "இதையெல்லாம் போய் டொக்டரிட்டச் சொல்லுறதே?" என்று கேட்டார். இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டோம். வருகிற செவ்வாய்க்கிழமை இருவருமாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம்.