வயிற்றில் ஒரு மண்டபம்

ராமேஸ்வரம் ரயிலில் போனவர்களுக்கு மண்டபம் தெரிந்திருக்கும். பாம்பன் பாலத்துக்கு முன்னால் வரும் ஸ்டேஷன். பாலம் பார்க்க எல்லோரும் ஜன்னலுக்கு முண்டியடிக்கிற அவசரத்தில் ஊரை யாரும் கவனிப்பதில்லை. அந்த ஊரின் பெயரை வயிற்றில் சுமந்துகொண்டு ஜப்பானின் ஓகினாவா தீவுப் பக்கம் ஒரு மீன் திரிகிறது என்றால் நம்புவீர்களா?

சிஃபாமியா டியூபிஃபர். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டு அங்குலம்கூட இல்லாத பொடியன். செங்கடலிலிருந்து பசிபிக் வரை பவளப்பாறைகளில் வசிக்கிறது. வெள்ளி உடம்பில் நீளவாக்கில் கறுப்புக் கோடுகள். தேவைப்பட்டால் கோடுகளை மறைத்துவிட்டு முழுக்கக் கறுத்தும் போகும்.

பகலில் வெளியே வராது. கடல் முள்ளெலி பார்த்திருக்கிறீர்களா? கறுப்பு உருண்டை, சுற்றிலும் ஜாண் நீளத்துக்கு ஊசிகள். தெரியாமல் மிதித்தால் ஊசி ஒடிந்து காலுக்குள்ளேயே தங்கிவிடும். பெரிய மீன்கள் கிட்டே வர யோசிக்கும் அந்த ஊசிக்காட்டுக்குள் நம்மாள் கும்பலாகப் பகலைக் கழிக்கிறார். இருட்டியதும் கிளம்பிப்போய் பொடி இறால் வகையறாக்களை மேய்கிறார். அப்போது வயிறு மெல்ல ஒளிர்கிறது.

ஒளி மீனுடையது இல்லை. குடலோடு ஒட்டிய சின்னப் பையில் குடியிருக்கும் பாக்டீரியாவுடையது. அதன் பெயர்தான் ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். 1970-ல் வைத்த பெயர். சாட்சாத் நம்ம மண்டபமேதான். தனி இனமா, துணை இனமா என்று விஞ்ஞானிகளுக்குள் ஒரு தகராறு உண்டு. அது நமக்கு வேண்டாம். இதன் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் உங்கள் சமையலறைக்கே வந்திருப்பார். குழம்பு வைக்கிற காரல் மீனின் உணவுக்குழாயைச் சுற்றி இதே மாதிரி ஒரு பாக்டீரியா விளக்கு இருக்கிறது. அடுத்த முறை சட்டியில் போடுவதற்கு முன் ஒரு மரியாதைக்காவது யோசியுங்கள்.

என்னை அசத்தியது விளக்கு இல்லை, அது கிடைக்கிற விதம்.

இந்த மீனில் அப்பாதான் பிள்ளை சுமப்பவர். அம்மா முட்டையிட்டதும் மொத்தத்தையும் வாயில் வாங்கிக்கொண்டு, குஞ்சு பொரிக்கும்வரை வைத்திருக்கிறார். வாய் நிறைய முட்டை இருக்கும்போது சாப்பாடு ஏது? இவ்வளவு தியாகம் செய்யும் அப்பா, வயிற்றில் எரிகிற விளக்கிலிருந்து ஒரு பொறியைக்கூடப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதில்லை. குஞ்சுகள் வாயிலிருந்து கடலுக்குள் விடப்படும்போது சுத்தமாக இருட்டு. பை இருக்கும், ஆள் இருக்காது. எட்டு, பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பை குடித்தனக்காரரை ஏற்கவே தயாராகிறது. அதற்குள் குஞ்சு அலையோடு எங்கேயோ போயிருக்கும். கடலில் மிதக்கும் எத்தனையோ பாக்டீரியாவில் சரியான ஒன்றை அங்கே பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக.

பெரிசுகளும் சும்மா இல்லை. பையில் பெருகிப்போன பாக்டீரியாவைக் குடல் வழியாகக் கடலில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. யார் வீட்டுப் பிள்ளைக்கோ போய்ச் சேரட்டும் என்கிற மாதிரி.

இவ்வளவு அலைந்து வளர்கிற மீன், வீடு என்று ஒன்று அமைந்துவிட்டால் லேசில் விடாது. ஓகினாவாவில் அடையாளம் போட்டு, வேறிடத்தில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி விட்டவற்றில்கூடச் சில பழைய இடத்துக்கே வந்துவிட்டன. இரண்டு அங்குல மீனுக்கு இரண்டு கிலோமீட்டர்! பஸ் இல்லை, வழி கேட்க ஆள் இல்லை.

இப்போது அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து. 2022-ல் மத்தியதரைக் கடலில் இந்த நீள ஊசி முள்ளெலிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2023-ல் செங்கடலின் அகாபா வளைகுடாவிலும் அதே கதை. காரணம், சீலியேட் எனப்படும் ஒரு செல் ஒட்டுண்ணி. தாக்கினால் சில நாள் அவகாசம்கூட இல்லை. ஆரோக்கியமாக நின்ற கூட்டம் இரண்டே நாளில் காலி. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவுவரை நோய் பரவியதாகக் கண்டுபிடித்தார்கள். செத்த முள்ளெலியில் முதலில் ஊசிகள் உதிர்ந்துவிடுகின்றன. மிச்சம் வெறும் உருண்டை ஓடு. ராத்திரி மேய்ந்துவிட்டு விடிவதற்குள் மீன் தேடி வருவது அந்த ஊசிகளைத்தான்.