தோற்றவனின் கல்

சில இடங்களிலே பார்ப்பதற்கு அதிகம் இராது; நினைப்பதற்கு நிறைய இருக்கும். ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடு அத்தகையதோர் இடம்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில், தான்தோன்றீசுவரரை வணங்கிய பின் என் தந்தையார் என்னை அங்கே அழைத்துச் சென்றார். ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு கல்லொன்று நின்றது. அவ்விடத்திற்கு அண்மையில் 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள், கப்டன் வொன் டிறிபேர்க் என்பவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று அதன் பொருளைச் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நம்மவர் தோற்றதைக் காணவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முகம் வாடினேன்.

"கல்லை நாட்டியவர் யாரென்று முதலில் கேள், தம்பி" என்றார் தந்தையார். பின்னர், கல்லில் இல்லாத நாளொன்றைச் சொன்னார். அதே ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள், வன்னியின் தலைவனாகிய பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கே காவல் புரிந்த ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கியவன் அதே டிறிபேர்க்தான். அப்படை படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றது. கண்டியரசோடும் ஆங்கிலேயர் பொருதிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஒக்ரோபர் மாதத்திலே டிறிபேர்க் மீண்டும் வந்தான், வென்றான். வென்றவர்கள் தம் வெற்றியைக் கல்லிலே பொறித்தார்கள். தம் தோல்வியைப் பொறித்தாரில்லை.

அந்தப் பழைய கல் 2010ஆம் ஆண்டிலே உடைக்கப்பட்டது. அண்மையில் என் மகளுடன் அங்கே சென்றபோது, அதன் வாசகத்தை நினைவிலிருந்தே அவளுக்குச் சொன்னேன். அவளும் என்னைப்போல் முகம் வாடுவாளென்று எண்ணி, தந்தையாரின் மறுமொழியை நாவிலே ஆயத்தமாய் வைத்திருந்தேன்.

அவளோ சற்று நேரம் சிந்தித்தாள். "அப்பா, தோற்றான் என்றுதானே எழுதியிருந்தது? இறந்தான் என்று எழுதவில்லையே!" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். அந்த ஒக்ரோபர் நாளையே அவன் வீழ்ந்த நாளாகக் கருதுவோர் நம்மிடையே பலர். பகைவரின் கல்கூட அவ்வளவு சொல்லவில்லை! இத்தனை ஆண்டுகளாக அவ்வாசகத்தை மனத்திலே சுமந்த எனக்கு இது தோன்றவேயில்லை. கல்லை நாட்டியவர் யாரென்று கேட்கத் தந்தையார் கற்பித்தார்; அது சொல்லாததையும் கவனிக்க மகள் கற்பித்தாள்.

திரும்பும் வழியில், ஓகஸ்ட் 25ஆம் நாளின் கதையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.