ஏரிக்குள் இருக்கும் நிலம்

சேர்வராயன் மலையில் பெய்யும் மழைக்கு ஒரே வழி இல்லை. கரடியூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கிடையே மழை ஓய்ந்த பின் நடந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு சரிவும் தனக்கென்று ஓர் ஓடையை வைத்திருக்கும். இந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியை நோக்கிப் போகின்றன. வாணியாறு மறுபுறம் இறங்கித் தென்பெண்ணையைச் சேர்கிறது. இத்தனை ஓடைகளை அனுப்பும் மலையின் காலடியில்தான் சேலம் நகரம் இருக்கிறது. ஆயினும் குடிநீருக்காக அந்நகரம் வேறு திசைகளிலேயே கையேந்தி வந்திருக்கிறது என்பது சிறுவயதில் எனக்கு விளங்காத புதிராக இருந்தது.

விடை எளிது. ஓடுகிற நீர் ஓடிவிடும். அதை நிறுத்தி வைக்க இடம் வேண்டும். மூன்று பக்கம் மேடும் ஒரு பக்கம் திறப்புமாக, நீர் வந்து சேரக்கூடிய பள்ளமான நிலப்பரப்பு வேண்டும். அப்படிப்பட்ட இடம் வெறுமனே கிடப்பதில்லை. நீர் வந்து சேரும் பள்ளத்தில்தான் வண்டல் படியும். வண்டல் படிந்த இடத்தில்தான் மனிதன் ஏர் பூட்டியிருப்பான். எனவே நகரம் தன் நீருக்கு இடம் தேடிப் புறப்படும்போது பெரும்பாலும் வேறொருவனுடைய வயலில்தான் போய் நிற்கிறது.

எங்கள் வீட்டில் பாட்டி குழாய்த் தண்ணீருக்கு இரண்டு பெயர் வைத்திருந்தார். ஒன்று மேட்டூர்த் தண்ணி. மற்றது பனமரத்துப்பட்டித் தண்ணி. பருப்பு வேகிற விதத்தைக் கொண்டே இன்று வந்திருப்பது எது என்று சொல்லிவிடுவார். பனமரத்துப்பட்டி என்பது எனக்கு அந்நாளில் ஓர் ஊரின் பெயராக இல்லை, ஒரு சுவையின் பெயராகவே இருந்தது. அந்தச் சுவைக்கு அடியில் நிலம் இருந்தது, நிலத்துக்கு உடையவர்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் மிகவும் பிற்பாடு தெரிந்துகொண்டவை.

சேலத்துக்குத் தெற்கே ஜருகுமலை, போதமலை ஆகியவற்றின் ஓடைகள் வந்து சேரும் இடத்தில் 1911-இல் அமைக்கப்பட்டது பனமரத்துப்பட்டி ஏரி. பரப்பு இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேல். நகரத்தின் குடிநீருக்கென்றே உருவான ஏரி, நகராட்சிக்கே சொந்தம். 1994-இல் சேலம் மாநகராட்சி ஆனபோது அந்தச் சொத்தும் கூடவே வந்தது. இதற்கிடையில் 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. அது தஞ்சைப் பாசனத்துக்காகக் கட்டப்பட்டதாயினும், பின்னாளில் அங்கிருந்து காவிரி நீர் குழாய் வழியே சேலத்துக்கும் வந்தது. வற்றாத ஒன்று கிடைத்த பிறகு வற்றக்கூடிய ஒன்றை யார் பேணுவார்கள்? வரத்து வாய்க்கால்கள் மறக்கப்பட்டன. ஏரிக்குள் சீமைக்கருவேலம் ஏறியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அங்கே போயிருந்தேன். கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் முள். ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். எண்பதை நெருங்கியிருப்பார்.

"எங்க தாத்தன் காடு இதுக்குள்ளதான் இருக்குதுங்க தம்பி."

எங்கள் பக்கத்தில் காடு என்றால் புன்செய் நிலம். நான் ஏதும் சொல்லாமல் நின்றேன். அவரே தொடர்ந்தார். "தண்ணி நின்னுதுன்னா ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. நாலு சனம் குடிக்குதுன்னு மனசு ஆறிக்கும். இப்பப் பாருங்க, காடுன்னு சொன்னது காடாவே போயிருச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. தான் பிறப்பதற்கு முன்பே கைமாறிவிட்ட நிலத்தைப் பற்றி, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் நிலம் கையகப்படுத்துதல் குறித்து நான் படித்த எதிலும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்த தெளிவு இல்லை. இழப்பைத் தாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் இருந்தது. நகரம் அந்தக் காரணத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

வெள்ளையர் காலத்தின் 1894-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் காரியத்துக்காக நிலத்தை எடுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகள் அதுவே நடப்பில் இருந்தது. 2013-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் இழப்பீட்டை உயர்த்தியது; சமூகத் தாக்க ஆய்வைக் கொண்டுவந்தது. அதன் கீழ் எடுத்த நிலத்தை ஐந்தாண்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் உடையவருக்கோ நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்றும் சொன்னது. நல்லவைதான். ஆனால் ஐந்தாண்டு பயன்படுத்திவிட்டு அடுத்த ஐம்பதாண்டு கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி பெரியவருடையது. அதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

சென்னையின் கதையில் இந்தக் கேள்விக்கு வேறொரு முகம் இருக்கிறது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் கொசஸ்தலையாற்றின் குறுக்கே எழுந்தது பூண்டி நீர்த்தேக்கம். அது 1944-இல் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். நீர்ப்பரப்புக்குள் போன இடங்களில் திருவெண்பாக்கம் என்னும் பாடல் பெற்ற தலமும் உண்டு. பார்வை இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்த இடம் என்பது ஐதீகம். கோயிலைப் பெயர்த்துப் பூண்டியில் மறுபடியும் கட்டினார்கள். இறைவன் பெயர் இன்றும் ஊன்றீசுவரர். கோயிலைக் கல் கல்லாக எடுத்துப்போய் வேறிடத்தில் நிறுத்திவிட முடிகிறது. ஒரு குடும்பத்தின் கிணற்றடியை, களத்து மேட்டை அப்படிப் பெயர்க்க முடியாது. ஆனாலும் பூண்டியில் நீர் நின்றது, சென்னை குடித்தது. அந்த அளவில் நகரம் தன் வாக்கைக் காப்பாற்றியது.

வேல்ஸ் நாட்டில் கப்பெல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது. வேல்ஸ் மொழி மட்டுமே பேசும் கிராமம். லிவர்பூல் நகரம் தன் நீருக்காக அந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து, 1957-இல் பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றிக்கொண்டது. வேல்ஸின் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965-இல் அணை திறக்கப்பட்டது. பள்ளியும் தபால் நிலையமும் தொழுகைக்கூடமும் நீருக்குள் போயின. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005-இல், லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பால் யாருக்கும் வீடு திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் பணம் கொடுத்ததோடு கணக்கு தீர்ந்துவிடவில்லை என்று ஒரு நகரம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. நம் நகரங்கள் எதுவும் அப்படி ஒப்புக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் மொழியில் இந்தக் கணக்கை இலக்கியம்தான் எழுதி வைத்திருக்கிறது. வைகை அணைக்காக ஊரிழந்தவர்களை வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாச'த்தில் எழுதினார். எனக்கு இன்னும் நெருக்கமானது பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்'. அதில் நிலத்தை எடுப்பது அணை அன்று, குடியிருப்புக் காலனி. ஆனால் நிலம் போனபின் ஓர் உழவர் குடும்பம் உள்ளுக்குள் எப்படிக் கலைகிறது என்பதை அந்த நாவல் அளவுக்குச் சொன்னது வேறில்லை. இழப்பீட்டுத் தொகை வீட்டுக்குள் வருகிறது. அதோடு உறவுகளுக்குள் அதுவரை இல்லாத ஒரு கணக்கும் வருகிறது.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்தோம். 2020-இல் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. 2013-இல் தொடங்கிய வேலை. இழப்பீட்டுத் தொகை குறித்த விவசாயிகளின் போராட்டங்களால் நீண்டது. நகரங்கள் பெருகப் பெருக இன்னும் இடம் தேடப்படும். கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. குழாயடியில் குடத்தோடு நள்ளிரவு வரை காத்திருந்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

நான் கேட்பது ஒன்றுதான். நீருக்காக எடுத்த நிலத்தின் விலையைப் பத்திரம் பதிவான அன்றோடு முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. அந்த விலையில் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. வரத்து வாய்க்காலைத் திறந்து வைப்பதும், முள்ளை ஏறவிடாமல் பார்ப்பதும், கரையைக் காப்பதும் அந்தப் பகுதி. அது முடியாத காரியமன்று. சேர்வராயன் மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சேலத்துக் குடிமக்கள் சிலர் 2010 முதல் தூர்வாரி, உள்ளே மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டுப் பறவைகளை வரவழைத்தார்கள். நிலம் புதிதாக ஒரு சென்ட்கூட எடுக்கவில்லை.

அடுத்த நீர்த்தேக்கத்துக்கு இடம் பார்க்கப் போகிறவர்கள் அதற்குமுன் பனமரத்துப்பட்டிக் கரையில் ஒரு பொழுது நின்று பார்க்கலாம். அங்கே ஆடு மேய்க்கும் யாரிடமாவது, இந்த முள்ளுக்கடியில் யாருடைய காடு இருக்கிறது என்று கேட்கலாம்.