மீன் இல்லாத நாட்கள்



இவ்வாரத் தியானம் ஒரு சீன உணவகத்தைப் பற்றியது என்றால் உங்களில் சிலர் புன்னகைப்பீர்கள். போடிநாயக்கனூரில் நான்கே மேசைகள் கொண்ட சிறிய கடை அது. வாசலில் இரும்புச் சீனச்சட்டி. கீழே சீறி எரியும் அடுப்பு. பொட்டிபுரத்திலிருந்து ஊழியக் காரியமாகப் போடிக்குச் செல்லும் நாட்களில், நானும் என் மனைவியும் அங்கே இறால் ஃப்ரைடு ரைஸும் கணவாய் வறுவலும் உண்பதுண்டு. ஏலத்தோட்ட ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிய பின், கூலிவேலை முடித்த சகோதரிகள் தங்கள் பிள்ளைகளோடு அங்கே வந்து அமர்வதையும் கண்டிருக்கிறேன். அவர்களுடைய தாய்மார் அறிந்த கடல்மீன் பெரும்பாலும் கருவாடுதான்.

தூத்துக்குடிக் கடற்கரை நமக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பனிக்கட்டி நிறைந்த பெட்டியில், இரவோடு இரவாக மீன் மலையடிவாரம் வந்து சேர்கிறது. செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிந்திருக்கிறதா என்று பார்த்தே கடைக்காரர் வாங்குகிறார். கொல்கத்தாவில் குடியேறிய சீனர் நம் நாட்டு நாவிற்கேற்ப வகுத்த சமையல்முறை இது. கைப்பிடி இறாலைச் சோற்றோடும் முட்டைக்கோஸோடும் வெங்காயத்தாளோடும் கடுந்தீயில் சில நிமிடங்கள் புரட்டினால் ஒரு தட்டு நிறைந்துவிடும். எளியவர் கைக்கு எட்டும் விலையின் இரகசியம் இதுவே.

ஆனால் சித்திரையும் வைகாசியும் வந்தால் அக்கடையில், "கடல் உணவு இல்லை" என்ற அட்டை தொங்கும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக்கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017-இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீனுக்கு அப்போது விலை ஏறிவிடும். விலையைக் கூட்டவும் கடைக்காரருக்கு மனமில்லை. பலநாள் உறையவைத்த மீனைப் பரிமாறவும் மனமில்லை. நம் சபையின் சகோதரர் ஒருவர், "ஐயா, காசு கொடுத்தாலும் மீன் கிடைக்கவில்லையே!" என்று சலித்துக்கொண்டார். அச்சொல்லே என்னை நெகேமியாவின் புத்தகத்திற்கு அழைத்துச் சென்றது.

எருசலேமும் மலைமேல் இருந்த நகரம். கடலிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருந்தும், அதற்கு மீன்வாசல் என்றொரு வாசல் இருந்தது. தீருவின் வர்த்தகர் அங்கே மீன் கொண்டுவந்து ஓய்வுநாளிலும் விற்றார்கள். நெகேமியா நகர வாசல்களை அடைத்ததை நாம் அறிவோம். அதற்கு முன்னமே, பத்தாம் அதிகாரத்தில், ஜனங்கள் ஓர் உடன்படிக்கை செய்திருந்ததைக் கவனியுங்கள். ஓய்வுநாளில் எவர் கொண்டுவந்து விற்றாலும் தாங்கள் வாங்குவதில்லை என்று அவர்கள் ஆணையிட்டார்கள். ஏழாம் வருஷத்தில் நிலத்தை ஓய விடுவதாகவும் அதே மூச்சில் வாக்குக் கொடுத்தார்கள். விற்பவன் ஓய்ந்திருக்க வேண்டுமானால், வாங்குகிறவன் காத்திருக்கப் பழக வேண்டும்.

பிரியமானவர்களே, நமக்கு மீன் இல்லாத அந்நாட்களில் விசைப்படகுத் தொழிலாளிக்கு வருமானம் இல்லை. அரசு தரும் நிவாரணம் இரண்டு மாத அடுப்புக்குப் போதுமானதன்று. அவர் கரையில் அமர்ந்து வலையைப் பழுதுபார்க்கிறார். வீட்டில் கடன் வளர்கிறது. ஆனி மாதத்தில் நம் தட்டுக்கு வரும் மலிவான மீன், அவருடைய வெறுங்கை நாட்களின் கனியாகும். அதை நன்றியோடு உண்போம்; அட்டை தொங்கும் நாட்களிலும் முறுமுறுக்காதிருப்போம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காய் பறிக்கும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஜீப் அனுப்புகிறவர்கள் உண்டு. நம் சபையில் தோட்டம் உடையவர்களும் இருக்கிறீர்கள், கூலிக்குச் செல்கிறவர்களும் இருக்கிறீர்கள்; ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். கடலுக்கு 61 நாட்கள் ஓய்வு கொடுக்க ஒரு தேசத்தால் இயலுமானால், ஒரு சகோதரியின் முதுகுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க நம்மால் இயலாதா? ஒரு நாள் பிந்திப் பறித்தால் நஷ்டம் உண்டு என்பதை அறிவேன். ஓய்வுநாளில் வாசலை அடைத்த எருசலேமுக்கும் அன்றைய வியாபாரம் நஷ்டமே.

திபேரியா கடற்கரையில், இரவெல்லாம் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படாத சீஷர்களுக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரிநெருப்பின்மேல் மீனை ஆயத்தமாக வைத்திருந்தார். அவர்கள் பிடித்த மீன் கரைசேருமுன்னே அந்த உணவு அங்கே இருந்தது. உழைத்துக் களைத்தவர்களுக்குத் தம் கையால் பரிமாறியவரே நம் ஆண்டவர்.

ஜெபம்: எங்களைப் போஷிக்கிற பிதாவே, கடலோரத்தில் காத்திருக்கும் குடும்பங்களை நினைத்தருளும். எங்களுக்காக உழைப்போரின் ஓய்வைக் காக்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.