நரகாசுரனுக்கு ஒரு மணிமுடி

2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் சிங்கப்பூரில் இரண்டு விழாக்கள் ஒருங்கே வந்தன. ஒன்று நம் தீபாவளித் திருநாள். மற்றொன்று மேலைநாட்டார் ஹாலோவீன் என்று வழங்கும் நாள். முன்னது அரக்கன் ஒருவன் மாண்டதை எண்ணி விளக்கேற்றும் விழா. பின்னது சிறுவர்கள் தாமே பேயாகவும் அரக்கராகவும் வேடம் புனைந்து மகிழும் விழா. காலையில் அரக்கனை வீழ்த்திவிட்டு மாலையில் அரக்கனாகவே உலவ நேர்ந்தால் ஒரு குழந்தையின் உள்ளம் என்ன எண்ணும்? அதனை அருகிலிருந்து காணும் வாய்ப்பு என் பெயரனால் எனக்குக் கிட்டியது.

கிறித்துவ உலகம் நவம்பர் முதல் நாளைப் புனிதர் அனைவரையும் போற்றும் நாளாகக் கொள்கிறது. அதற்கு முந்திய இரவே ஹாலோவீன். கெல்டிய மக்கள் கோடையின் முடிவில் கொண்டாடிய பழைய விழாவில் அதன் வேர் இருக்கிறது என்பர். அயர்லாந்து மக்கள் கிழங்கைக் குடைந்து அதனுள் விளக்கு வைத்தனர். அமெரிக்காவில் குடியேறிய பின்னர் அக்கிழங்கின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்துக்கொண்டது. இன்று நம் ஊர்ப் பேரங்காடிகளிலும் அக்டோபர் பிறந்தால் பூசணி விளக்குகளும் எலும்புக்கூட்டுச் சட்டைகளும் தொங்கக் காண்கிறோம்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டுப் பெற்றோர் சிலர் கூடி, அன்று மாலை சிறுவர்களுக்கு மாறுவேட நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தனர். என் பெயரனுக்கு அப்பொழுது எட்டு வயது. தொடக்கநிலை இரண்டில் பயின்றுகொண்டிருந்தான். பேச்சுக் குறைந்த பிள்ளை. விடை தெரிந்திருந்தும் வகுப்பில் வாய் திறவாமல் தலை குனிந்து நிற்கிறான் என்று அவன் ஆசிரியை பரிவோடு எழுதியனுப்புவது வழக்கம். அவன் அன்னையின் கவலையெல்லாம் அதுவே. கறுப்பு அங்கியும் முகமூடியும் கடையில் வாங்கித் தருவதாக அவள் சொன்னபொழுது அவன் தலையை அசைத்து மறுத்தான்.

“தாத்தா, நான் நரகாசுரனாகப் போகட்டுமா?” என்று மெல்லக் கேட்டான்.

“நல்ல நாளும் அதுவுமாக அசுரன் வேடமா? பிள்ளைக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா?” என்று என் மனைவி முகம் சுளித்தாள். மகளும் தயங்கினாள். கோவாவில் நரக சதுர்த்தசிக்கு முந்திய இரவில் இளைஞர்கள் மூங்கிலும் வைக்கோலும் காகிதமும் கொண்டு நரகாசுரன் உருவங்களைத் தம் கைகளாலேயே செய்து வீதியில் நிறுத்தி, விடியற்காலையில் எரிப்பார்கள் என்று எடுத்துச் சொன்னேன். “செய்வதும் விழாவின் ஒரு பகுதிதான்” என்றேன். மனைவி மறுமொழி கூறவில்லை. அதை இசைவு என்றே கொண்டோம்.

முதலில் அவன் தாளில் ஓர் உருவம் வரைந்து காட்டினான். இரண்டு கொம்புகள், வாயின் இருபுறமும் கோரைப் பற்கள், சிவந்த கண்கள். வரைந்து முடித்தவன் திடீரென்று, “பிறக்கும்போதே அவனுக்குக் கொம்பு இருந்ததா, தாத்தா?” என்று வினவினான். வேலையை நிறுத்திவிட்டுக் கதை சொல்லலானேன்.

நரகாசுரன் பூமாதேவியின் மைந்தன். இன்றைய அசாம் பகுதியில் இருந்த பிராக்சோதிடம் என்னும் நகரை ஆண்டவன். அவன் வருணனின் வெண்குடையைக் கவர்ந்தான். தேவர்களின் தாயாகிய அதிதியின் குண்டலங்களைப் பறித்தான். பதினாறாயிரம் கன்னியரைச் சிறைப்படுத்தினான். புராணம் அவனைப் பற்றிச் சொல்லும் குற்றங்கள் இவை. நான் சொன்ன கதையில் கொம்பு எங்கும் வரவில்லை என்பதைப் பெயரன் கவனித்துவிட்டான்.

“கொம்பு இல்லையென்றால் அவன் கெட்டவன் என்று எப்படித் தெரியும்?”

“அவன் தலைக்கு மேல் இருக்கும் குடை யாருடையது? காதில் தொங்குவது யாருடையது? அதைப் பார்த்தால் தெரியும்” என்றேன்.

அவன் அழிப்பானை எடுத்துக் கொம்புகளை அழித்தான். எங்கள் வேலை அங்கே தொடங்கியது.

மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டியிலிருந்து மணிமுடி பிறந்தது. பெயரனின் தலைச்சுற்று 52 சென்டிமீட்டர். ஒட்டுவதற்கும் சேர்த்து 56 சென்டிமீட்டர் நீளத்தில் பட்டையை வெட்டினோம். கோதுமை மாவைக் காய்ச்சிய பசையில் பழைய நாளிதழ்த் துண்டுகளை நனைத்து நான்கு அடுக்குகள் ஒட்டினோம். பிற்பகல்தோறும் இடியும் மழையுமாக இருந்தமையால், மின்விசிறியின் கீழ் அது உலர இரண்டு நாள்கள் பிடித்தன. தேக்காவில் தீபாவளிக்கென வந்திருந்த பொன்னிறத் தாள் மேலே ஏறியதும் அட்டை அரசாயிற்று. கறுப்புக் கம்பளி நூலைத் தடித்த தாளில் ஒட்டி மீசை செய்தோம். பழைய குடையொன்றின்மேல் என் வேட்டித் துணியைப் போர்த்தியதும் வருணனின் வெண்குடை கிடைத்தது.

வேலைக்கிடையே வேறொரு செய்தியையும் மகளிடம் சொன்னேன். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹாலோவீன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் கொலைகாரன் அணியும் முகமூடி உலகையே நடுங்க வைத்தது. சிறிய முதலீட்டில் எடுத்த படம் அது. படக்குழுவினர் கடையில் மலிவாகக் கிடைத்த ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் தலைவன் கேப்டன் கர்க் முகமூடியை வாங்கி, கண்துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் பூசினர், அவ்வளவே. நாயகன் ஒருவனின் முகமே சிறு மாற்றத்தால் கொடியவன் முகமாயிற்று. கொடுமைக்கென்று தனி முகம் படைக்கப்படவில்லை என்பதை அந்தத் தொழிலாளரும் அறிந்திருந்தனர் போலும்!

இதற்குள் பெயரனிடமிருந்து அடுத்த வினா வந்தது. “நரகாசுரனைக் கொன்றது யார்?” நம் மக்கள் வழங்கும் கதைப்படி, பூமாதேவியே சத்தியபாமையாகப் பிறந்து அவனை வீழ்த்தினாள் என்றேன்.

“அம்மாவே மகனைக் கொன்றாளா? அந்த அம்மா அழவில்லையா?”

துணி மடித்துக்கொண்டிருந்த என் மகளின் கைகள் நின்றன. எனக்கும் உடனே விடை வரவில்லை. சற்றுப் பொறுத்து, “அழுதிருப்பாள். ஆனால் அவன் கவர்ந்த குண்டலங்களைத் திருப்பிக் கொடுத்தவளும் அந்தத் தாய்தான்” என்று புராணம் கூறுவதைச் சொன்னேன். மகள் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றாள். தன் பழைய சிவப்புப் பட்டுச் சேலையுடன் திரும்பி வந்தாள். அதன் சரிகைக் கரையை வெட்டி, இரவு வெகுநேரம் அமர்ந்து, மகனுக்கு மேலாடை தைத்து முடித்தாள். குண்டலங்கள்தாம் எஞ்சியிருந்தன. மறுநாள் காலையில் என் மனைவி தன் பொன்முலாம் பூசிய வளையல்கள் இரண்டை மேசைமேல் வைத்து, “திரும்பி வந்தாக வேண்டும்” என்று மட்டும் சொல்லிப் போனாள். அவற்றை மணிமுடியின் இருபுறமும் நூலில் கட்டித் தொங்கவிட்டோம்.

தீபாவளி மாலை கீழ்த்தளத்தில் கறுப்பு அங்கிகளும் விண்வெளி வில்லன்களும் பேய்களும் நிறைந்திருந்தன. அவர்களை எல்லாரும் பார்த்தவுடனே அடையாளம் கண்டனர். என் பெயரனை எவருக்கும் தெரியவில்லை. சீனச் சிறுவன் ஒருவன், “நீ அரசனா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். பெயரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அவனும் சிறிது நேரம் மௌனமாக நின்றான். பின்னர்க் குடையைச் சுட்டிக்காட்டி, “இது என்னுடையதில்லை” என்று தொடங்கினான். குடையிலிருந்து குண்டலத்துக்கும், குண்டலத்திலிருந்து சிறைப்பட்ட கன்னியருக்கும் கதை சென்றது. மலாய்ச் சிறுமி ஒருத்தி, “பிறகு உனக்கு என்ன ஆயிற்று?” என்றாள். “என் அம்மா வந்தார்” என்றான். சுற்றி நின்ற பிள்ளைகள் அமைதியாகக் கேட்டனர். அன்று அவன் பேசியது நான்கைந்து நிமிடங்கள் இருக்கலாம். மகள் தூணருகே நின்று கண்களைத் துடைத்துக்கொண்டாள். மேலே வந்ததும் யாரும் சொல்லாமலே வளையல்களை அவிழ்த்துப் பாட்டியின் கையில் அணிவித்து, அதே கதையைத் தமிழில் முழுவதுமாக அவளுக்குச் சொன்னான்.

கடையில் வாங்கிய வேடமாயின் அவன் பேச வேண்டிய தேவையே எழுந்திராது. அனைவரும் அறிந்த முகத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. எவரும் அறியாத நம் நரகாசுரனோ அவனைப் பேச வைத்தான். அயல்நாட்டு விழா வாயிலில் வந்து நிற்கும்பொழுது கதவை அடைப்பது ஒரு வழி. நம் கதையை அதற்கு உடுத்தி அனுப்புவது மற்றொரு வழி. பின்னதில் உழைப்பு மிகுதி, பயனும் மிகுதி.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்க்கும் ஒன்று கூறுவேன். இராவணனையும் துரியோதனனையும் வகுப்பில் படிக்கும்பொழுது, அட்டையும் பசையும் கொண்டு அவர்களுக்கு ஒரு முடி செய்து பாருங்கள். எங்கே என்ன வைப்பது என்று கை தயங்கும். அந்தத் தயக்கத்தில் சிந்தனை பிறக்கும். தீமையைக் கொம்பால் அடையாளம் காணப் பழகிய பிள்ளை, கொம்பில்லாதவனிடம் ஏமாந்து போகும். கையில் இருப்பது யாருடைய பொருள் என்று கேட்கப் பழகிய பிள்ளையோ பிறரையும் அறியும், தன்னையும் காத்துக்கொள்ளும்.