நெடுந்தீவில் ஒரு விடுமுறை நாள்

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளுள், மக்கள் குடியிருப்பனவற்றில் மிகத் தொலைவிற் கிடப்பது நெடுந்தீவு. பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை தரைவழியே செல்லலாம். அங்கே வீதி முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். பங்குனி, சித்திரையிற் குளம்போற் கிடக்கும் அக்கடல், சோழகம் எழுந்துவிட்டால் வேறொரு கடலாகிவிடும்.

ஆடி மாதத்துப் போயா விடுமுறை ஒன்றில், சோழகம் வீசிக்கொண்டிருந்த வேளையிலேதான், நாம் குடும்பத்தோடு அங்கே சென்றோம். விடுமுறை என்னுஞ் சொல் வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதன்று. பிள்ளைகளின் தாயார் அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து, புளிச்சோறு ஆக்கி, வாழையிலையிற் கட்டி, மாற்றுடுப்புகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் பைகளில் அடுக்கி முடித்த பின்னரே ஏனையோர் கண்விழித்தோம்.

படகு பாதி வழியை எட்டியதும் அலைகள் பக்கவாட்டில் மோதத் தொடங்கின. பிள்ளைகள் மூவரும் கடலைப் பார்த்துக் கூச்சலிட்டு மகிழ்ந்தனர். அவர்களுடைய தாயாரோ கடலைப் பார்க்கவில்லை, பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவருக்குத் தலை சுற்றி, ஓங்காளம் எடுத்து, பின்னர் நிறுத்தவியலாத சத்தியாயிற்று.

கடற்பயணத்தில் இந்நோய் காண்பதன் காரணத்தை மருத்துவர்கள் தெளிவாகக் கூறுவர். நமது உட்செவியிலே ஒருவகைத் திரவம் உண்டு. உடல் அசையுந்தோறும் அத்திரவம் அசைந்து, மூளைக்குச் செய்தி அனுப்புகின்றது. கண்ணோ, படகின் உட்புறத்தையும் மடியிலிருக்கும் பையையும் பார்த்து, அசைவே இல்லையென்று சொல்கின்றது. இவ்விரண்டு சாட்சியங்களும் முரண்படுவதனாலேயே குமட்டல் உண்டாகின்றது. தொலைவிலுள்ள அடிவானத்தைப் பார்ப்பவருக்கு அம்முரண்பாடு குறையும். பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்கும் தாய்க்கு அடிவானத்தைப் பார்க்க நேரமேது?

மாவிலித்துறையில் இறங்கியபோது அவரால் நிற்க முடியவில்லை. துறைக்கு அணித்தேயிருந்த வீடொன்றின் வாயிலில் நின்ற முதிய அம்மையார், “பிள்ளை, சத்தி எடுத்த உடம்போட வெயிலுக்கை நிக்காதை. உள்ளுக்கு வா” என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்று, விறாந்தையிற் பாய் விரித்துக் கிடத்தினார். முகங்கழுவவும் குடிக்கவும் வாளி நிறையத் தண்ணீர் தந்தார். அதன் அருமை நெடுந்தீவை அறிந்தவர்களுக்கே புரியும். அங்கே பல கிணறுகளில் உவர்நீரே ஊறும். நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளையே பலரும் நாடி வந்தனர். ஆச்சியோ அதை அளந்து ஊற்றவில்லை.

“நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார். கடைக்குட்டி தாயைவிட்டு அசைய மறுத்தமையால், மற்ற இருவரோடும் ஓட்டோ ஒன்றிலே சென்றோம். சாந்து பூசாது முருகைக் கற்களை அடுக்கி எழுப்பிய மதில்கள் வழிநெடுகிலும் வந்தன. வெளிகளிலே ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் மேய்ந்தன. இடிந்த கோட்டையையும், உள்ளே ஆள் புகுந்து நிற்கத்தக்க பெருக்குமரத்தையும் கண்டோம். மகளுக்கோ எதிலும் மனம் பற்றவில்லை. “அம்மா இப்ப எழும்பி இருப்பாவோ?” என்று இருமுறை கேட்டாள். திரும்பி வந்ததும், யாரும் சொல்லாமலே சோற்றுப்பொதிகளை அவிழ்த்து, ஆச்சிக்கு முதலிற் பரிமாறினாள்.

இல்லாள் அப்போது எழுந்திருந்து, ஆச்சி கொடுத்த இஞ்சித் தேநீரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருந்தார். “ஒருநாள் வந்த உனக்கே இந்தப் பாடெண்டால், பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போறவை என்ன செய்யிறது?” என்றார் ஆச்சி. தீவிலே வைத்தியசாலை உண்டு. ஆயினும் நோய் கடுமையானால் கடல் கடந்தே ஆகவேண்டும். தம் மூத்த மகனை வயிற்றிற் சுமந்துகொண்டு சோழகக் காலத்திலே தாம் போன கதையை ஆச்சி சொன்னார். கரையேறும்வரை வயிற்றைக் கையால் அணைத்தபடியே இருந்தாராம். நாம் ஒரு மணி நேரம் பட்டதை அத்தீவினர் வழியென்று கொண்டு வாழ்கின்றனர். இராவணன் மீசையெனப் படர்ந்த கரைப்புல்லையும் குதிரைகளையும் படம்பிடித்துத் திரும்பும் எம்போன்றோர் கண்ணிற் படாத நெடுந்தீவு அது.

பிற்பகற் படகிலே இல்லாளை நடுப்பகுதியில், முன்னோக்கி அமர்த்தினோம். “அக்கா, கீழை குனியாதேங்கோ. நயினாதீவுக் கோபுரம் தெரியும், அதையே பாருங்கோ” என்றார் படகோட்டி. அம்பாள் அருளென்பதா, உட்செவியும் கண்ணும் உடன்பட்டன என்பதா, இம்முறை சத்தி வரவில்லை.

எமக்கு எதிரே, காய்ச்சலால் துவண்ட கைக்குழந்தையோடு இளந்தாய் ஒருத்தி இருந்தாள். யாழ்ப்பாண வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றார்களாம். அலை மோதியதும் அவளுக்கும் ஓங்காளம் தொடங்கிற்று. “தங்கச்சி, பிள்ளையை என்னட்டைத் தாரும். நீர் அந்தக் கோபுரத்தைப் பாரும்” என்று சொல்லி, இல்லாள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். தாம் முகர்ந்துகொண்டிருந்த தேசிக்காயையும் அவள் கையிலே கொடுத்தார்.

குறிகட்டுவானில் அம்புலன்ஸ் வண்டி ஒன்று காத்து நின்றது. குழந்தையை அதற்குள் ஏற்றிவிட்டு வந்தவர், எம் பைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.