ஓடுபாதைக்கு அப்பால் ஒரு கோல்

பழவேற்காடு ஏரியோரக் குப்பத்துப் பையன்களுக்குக் கால்பந்து ஆட மணல் போதும். நாலு குச்சி நட்டால் கோல். பார்க்கிறவர்கள் கோட்டின் மேலேயே நிற்பார்கள். பந்து காலில் வந்து இடிக்கும். அதே பையன் பெரிய ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டால்? பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயிலில் மூர்மார்க்கெட், பிறகு பெரியமேடு வரை நடை. நேரு ஸ்டேடியம்!

1956-ல் மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 ரன் குவித்த பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடம் அது. 1993-ல் 260 நாட்களில் புதிதாகக் கட்டினார்கள். அசுர வேகம்தான். சுமார் 40,000 பேர் உட்காரலாம். 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி.க்குச் சொந்த மைதானமும் ஆனது.

ஆனால் சுற்றிலும் ஓடுபாதை. தடகளத்துக்கு அது வேண்டும், மறுக்க முடியாது. கால்பந்து ரசிகனுக்கோ தண்டனை. எட்டுத் தடங்கள் மட்டுமே சுமார் 10 மீட்டர் அகலம். கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்காருபவன் பாடு இன்னும் மோசம். அங்கே பாதை அரைவட்டமாக வளைவதால் 30 மீட்டருக்கும் மேல் தள்ளித்தான் இருக்கை!

இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்கும் இதே தொல்லை இருந்தது. 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டிய, ஓடுபாதை கொண்ட டெல்லே ஆல்பி ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் கால்பந்துக்கென்றே ஒன்று கட்டி 2011-ல் திறந்தார்கள். இருக்கைகள் ஏறத்தாழ 69,000-லிருந்து 41,000 ஆகக் குறைந்தன. தெரிந்தேதான் குறைத்தார்கள்.

ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் பழவேற்காட்டில் உண்டு. ஓட்டமும் கால்பந்தும் அப்படி நாட்களைப் பகிர்ந்துகொள்ளலாம். தூரத்தை என்ன செய்வது? இனி கால்பந்துக்கென்று அரங்கம் வரைபவர்கள் 20,000 இருக்கை போட்டாலும் போதும், முதல் வரிசையைக் கோட்டருகே போடட்டும். பொன்னேரி ரயில் பாதையோரமாக இருந்தால் இன்னும் நல்லது.